பதினான்கு டிகிரி

ஃபிர்மீனோ பையை மேசையில் வைத்ததும்
தண்ணீர் வழிந்து என் செருப்புவரை வருகிறது.
"இன்று ஒன்றுதான்."
போன வருடம் இதே பாறையில் ஏழு.
அதற்கு முன்பெல்லாம்
எண்ணத் தோன்றியதில்லை,
'காடு' என்று மட்டும் எழுதிவைப்போம்.

கெல்ப் பாசியின் அடிப்பிடி இது.
வேர் என்று சொல்லக்கூடாது.
வேர் குடிக்கும்,
இதற்குப் பாறையைப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே வேலை.
ஒரு முட்டைக்கோசு அளவு,
விரலுக்குள் விரல் கோத்து, இடையிடையே இருட்டு.
அந்த இருட்டில்தான் குடித்தனங்கள்.

நான் எண்ணுகிறவள்.
வியானாவில், மத்தி அடைத்த பழைய தொழிற்சாலையின் மாடியில்
பத்தொன்பது வருடமாக
இடுக்கியும் உருப்பெருக்கியும் வைத்துக்கொண்டு
நகக்கண்ணில் பாதிகூட இல்லாத உயிர்களுக்குக்
குடிக்கணக்கு எடுக்கிறேன்.
தொட்டால் கையை உதிர்த்துவிட்டு ஓடும் நொறுங்கு நட்சத்திரம்,
பொத்தானைவிடச் சிறிய நண்டு,
குழாய் கட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும் புழு.
முதுகில் நீலக்கோடு மின்னும் ஒரு சிப்பி உண்டு,
அதைப் பார்க்கத்தான் இந்த வேலையில் தங்கினேன் என்று
சம்பளம் கூட்டிக் கேட்கும் கடிதத்தில் எழுதவில்லை.

கடல் சூடாகத் தொடங்கிய கோடையில்
எண்ணிக்கை கூடியது.
ஒரு பிடிக்குள் ஆயிரத்து நானூறு.
கைதட்டினோம், யாரோ கேக் வாங்கி வந்தார்கள்.
பக்கத்துப் பாறையில் பாசி கரைந்து
அங்கிருந்தவை எல்லாம் இதற்குள் வந்து நெருக்கியடித்திருந்தன என்பது
அடுத்த வருடம்தான் புரிந்தது.
வெள்ளத்தில் பள்ளிக்கூடம் நிறைந்திருந்தால்
படிப்பு பெருகிவிட்டது என்றா எழுதுவோம்?

பிறகு முந்நூறு. பிறகு தொண்ணூறு.
முட்டை சுமக்கும் தாய்களும் சிறுத்துப்போயின,
அவசரத்தில் வளர்ந்தவை போல.
நீலக்கோட்டுச் சிப்பிக்கு
மூன்று வருடமாகப் படிவத்தில் பூஜ்யம் போடுகிறேன்.
பூஜ்யத்தை வட்டமாகப் போட எனக்குக் கை வருவதில்லை.

சந்தையில் தியோலிந்தா
தெற்கிலிருந்து ஏறிவந்த மீனை விற்கிறாள்.
ஐந்து வருடம் முன்பு அதற்கு இங்கே பெயரே கிடையாது.
வாங்கினேன், பூண்டு போட்டு வறுத்தேன்.
ருசியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லவேண்டும்.

இன்றைய பிடியைப் பிரித்தேன்.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்றாவது ஓர் எலும்புக்கூட்டு இறால்,
நூல் துண்டு போல் உடம்பு,
அதன்மேல் குட்டிகள் தொற்றிக்கொண்டு
தாய் சாயும் பக்கமெல்லாம் சாய்கின்றன.
விதிப்படி சாராயத்தில் போடவேண்டும்.
மூடியைத் திறந்தேன்,
மூடினேன்.
பீச் ஜாம் தீர்ந்த பாட்டிலைக் கழுவி,
கடல்நீர் ஊற்றி, ஒரு கிளைப் பாசியோடு
அவர்களை மூலையிலிருக்கும் குளிர்பெட்டிக்குள் வைத்தேன்.

அந்தப் பெட்டியை
நான் சேர்ந்த வருடம் டாக்டர் எவரிஸ்தோ பதினான்கில் நிறுத்தினார்,
"வெளியே உள்ளது போலவே உள்ளேயும் இருக்கட்டும்" என்று.
அவர் ஓய்வு பெற்றுப் போனார்.
குமிழை யாரும் திருப்பவில்லை.
வெளியே இன்று இருபது.

ஃபிர்மீனோ கதவைத் திறந்து பாட்டிலைப் பார்த்தான்.
"உயிரோடா?"
"ம்."
"நாளை படகில் கொண்டுபோய் விட்டுவிடவா?"
"எங்கே?"

அவன் கதவை மெதுவாகச் சாத்தினான்.
தரையைத் துடைத்தான், என் செருப்புக்கு அடியிலும்.
படிவத்தில் நாற்பது என்று எழுதினேன்.
பத்தொன்பது வருடத்தில் முதல் பொய்.

மோட்டார் ஓடுகிறது.
உள்ளே பதினான்கைக் காப்பாற்ற
அது இரவெல்லாம் அறைக்குள் வெப்பத்தைத் தள்ளும்.
போகும்போது பார்த்தேன்,
ஃபிர்மீனோ தன் ஈரக் கையுறைகளைப்
பெட்டியின் முதுகில் காயப்போட்டிருக்கிறான்.
அங்கே எப்போதும் சூடு.