நாலு கட்டம்

தடைக்காலத்தின் நாற்பதாவது நாள்.
போட்டெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்க,
ஐஸ் ஆபீசில் நானும் அம்மோனியா வாசனையும்.
முதலாளியம்மா குணபூஷணி
காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு
நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று கோடு இழுத்தார்.
கிண்டியில் ரெண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்த கோடுகள்.

பலம். பலவீனம். வாய்ப்பு. ஆபத்து.

பலம், என்றார்: கடன் தர்றோம்.
எழுதினேன்.
பலவீனம், என்றார். விசிறி நாலு சுற்று சுற்றியது.
கடன் தர்றோம்.
எழுதினேன்.

கம்ப்ரசர் எதில் வரும்?
எண்பத்தாறில் வாங்கியது. இன்றுவரை நிற்கவில்லை.
நின்றால் தஸ்தகீர் ஒருவருக்குத்தான் அதன் பாஷை தெரியும்.
"கோட்டு மேலயே எழுது."

ஆபத்துக்கு யோசிக்கவே வேண்டாம்:
எண்ணூர் ரோட்டில் புது ட்யூப் ஐஸ்,
நம்மைவிட இருபது ரூபாய் கம்மி.
"நாமளும் கொறச்சிட்டா இன்னா?" என்றார் மச்சினர்.
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினேன்.
ஆறு மாதம் தாங்குவோம்.
அவர்கள் ஆறு வருடம்.

வாய்ப்புக் கட்டம் மத்தியானம்வரை வெள்ளையாகவே கிடந்தது,
என் தயிர்சாத டப்பா வைத்த ஈர வட்டத்தோடு.

அப்புறம் கேட்டார்:
டீசல் போட்டு, ஆளும் ஏத்திட்டு,
ராத்திரி ரெண்டு மணிக்கு ஐஸுக்கு நிக்கிறான் பாரு,
அவனுக்கு இருபது ரூபா பெருசா, அரை மணி நேரம் பெருசா?
பதிலை நான் எழுதுமுன்
எழுந்துபோய் க்ரஷரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

இன்னொரு க்ரஷர். ராத்திரிக்கு நாலு ஆள்.
இனி படகுக்கு மட்டும்.
மண்டபம், மோர்ப்பந்தல், ஜூஸ் கடை
ஒவ்வொன்றாய் அடித்தேன்.
சாவு வீட்டில் பேனா நின்றது.
"அது இருக்கட்டும்" என்றார்.
எந்தக் கட்டம் என்று அவரும் சொல்லவில்லை.

தடை முடிந்த மூன்றாம் நாள்
காலடிப்பேட்டை ஜூஸ் கடை மொய்தீன் வந்தார்,
கேரியரில் மடித்த கோணி.
பதினோரு வருடமாய் ரெண்டு பார்,
ஒரு நாளும் பாக்கி வைத்ததில்லை.
"இனிமே கெடையாது பாய்."
"இன்னா சார், ஐஸ் இல்லியா?"

என் முதுகுக்குப் பின்னால்
சுவர் உயரத்துக்கு, நீலம் பாய்ந்து,
குளிர் புகைந்துகொண்டிருந்தது.

"இருக்கு" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்,
கொஞ்ச நேரம் என்னை.
காய்ந்த கோணியை இன்னொரு மடிப்பு மடித்தார்.