இரண்டு விநாடி

இசாஃபியோர்துர் துறைமுக அலுவலகம்.
காலை பதினொன்றாகியும் விடியவில்லை.
ஸ்டெய்னுனின் திரையில் அம்பு
நட்டுவைத்த மாதிரி நிற்கிறது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?
மவுஸைப் பிடுங்கிச் செருகினாள்.
அடியில் சிவப்பு விளக்கு, உயிர்.
கை ஓய்ந்ததும் மறுபடி அணைந்தது.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று: கறுப்புத் திரை.
வெறும் எழுத்துகளுக்குள் தேடிப் பிடித்தாள்.
இரண்டு விநாடி அசைவில்லை என்றால்
மின்சாரம் மிச்சம் பிடிக்க
கர்னல் அதைத் தூங்கவைக்கிறது.
எழுப்பத்தான் மறந்துபோகிறது.
'ஆட்டோ'வை அழித்து 'ஆன்' என்று எழுதினாள்.

திரும்பி வந்தால்
அம்பு அதே இடத்தில்:
படகு ஆட்களின் பட்டியலில்
ஹால்வார்துர் என்ற பெயர்மேல்,
'நீக்கு' பொத்தானுக்கு விரற்கடை தூரம்.
தேடுதலை நிறுத்தி ஒன்பது நாளாகிறது.

இனி மவுஸைச் சாக்குச் சொல்ல முடியாது.
காபி எடுக்க எழுந்தாள்.