விண்ணப்பம், இரண்டாம் கட்டம்

கேள்வி நான்கு: அருகிலுள்ள வைத்தியசாலைக்கு
எத்தனை கிலோமீற்றர்?
முப்பத்தைந்து என்று எழுதினேன்.
றோட்டில் யானை நிற்கிற இரவுகளில் எத்தனை என்று
அவர்கள் கேட்கவில்லை.

தாந்தாமலைக்கு இங்கால் ஒரு கிராமத்தின்
அபிவிருத்திச் சங்கச் செயலாளர் நான்.
நெல்மூட்டைக் கணக்கு எழுதிய கை
இப்போது பயனாளிகள், விளைவுகள், நிலைபேறு என்று எழுதுகிறது.
போன முறை தந்தார்கள்:
பலநோக்கு மண்டபக் கூரையில் ஒரு தட்டு,
உள்ளே ஒரு திரை, இரண்டு பற்றரி.
காலையில் அதில் பெரியாஸ்பத்திரி டொக்டர்.
பின்னேரம் கல்முனையிலிருந்து
சம்சுதீன் சேரின் இரசாயனவியல்.
தட்டில் குரங்கு குந்தினால்
இரண்டு பேரும் சதுரம் சதுரமாக உடைவார்கள்.

வெட்டியது ஒரேயொரு வரியைத்தான்.
கண்ணாடிச் சோதனைக் குழாய், இருபத்துநான்கு.
பக்கத்தில் சிவப்பு மையில்: தொலைக்கல்விக்குத் தொடர்பற்றது.
சேர் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த கிழமை பஸ் கொண்டக்டரிடம்
ஒரு பிஸ்கற் பெட்டி கொடுத்துவிட்டார்,
வைக்கோல் அடைந்து, உள்ளே பன்னிரண்டு.
வந்து சேர்ந்தபோது ஒன்று உடைந்திருந்தது.

பங்குனி வெட்டு.
மெசின் இறங்காத சேற்று மூலையைக்
கையால் அறுத்துக்கொண்டு நின்ற பேரின்பத்தைக்
கடித்தது இன்னதென்று ஒருவரும் காணவில்லை.
ஐந்தரை மணி. திரையில் பென்சீன் வளையம்
பாதி கீறியபடி.
'லைனை விடுங்கோ புள்ளையள்,
ஆஸ்பத்திரிக்குக் குடுங்கோ' என்றார் சேர்.
அவர் முகம் போய் நிரோஜினி டொக்டரின் முகம் வந்தது.

காலைக் கமெராவுக்குக் காட்டச் சொன்னா.
வெளிச்சம் காணாது.
கிதுசன் போன் லைற்றைப் பிடித்தான்.
இரண்டு புள்ளி, ஊதிய கணுக்கால்.
'அம்புலன்ஸ் வெளிக்கிட்டாச்சு, வர நாப்பது நிமிசம்.
உங்களிட்டக் கண்ணாடிக் குழாய் இருக்கா?
பிளாஸ்ரிக் இல்ல. கண்ணாடி. புதுசு.'

டிலக்சனா அலுமாரியைத் திறந்த சத்தம்
எனக்கு இன்னும் கேட்கிறது.

புஸ்பலதா மிஸி நரம்பு தேடி இரத்தம் எடுத்தா.
இரண்டு மில்லிலீற்றர். ஆட்டக்கூடாது. இருபது நிமிடம்.
கொக்கட்டிச்சோலையில் நிறுத்துவதா, நேரே நகரத்துக்கா,
குழாய்தான் சொல்ல வேண்டும்.

பதினோராவது நிமிடம் லைன் அறுந்தது.

படிவத்தில் இதற்கும் ஒரு கட்டம் உண்டு.
இணைப்பு, தொண்ணூற்றிரண்டு வீதம் என்று போட்டிருக்கிறேன்.
பொய்யில்லை.
மீதி எட்டு எந்த நேரம் வரும் என்றுதான்
கட்டத்துக்குத் தெரியாது.

ஒன்பது பிள்ளைகள், ஒரு குழாய், சுவர் மணிக்கூடு.
யோகமலர் அழவில்லை.
புருஷனை விட்டுவிட்டுக் குழாயையே பார்த்து
'உறைஞ்சிரு' என்றாள்,
பாலுக்குச் சொல்வதுபோல்.

இருபது. டிலக்சனா சரித்தாள்.
தண்ணீராய் ஓடியது.

'கண்ணாடிப் புடையன்' என்றா மிஸி, தாழ்ந்த குரலில்.
நேரே மட்டக்களப்புக்கு.
லைன் திரும்பி வந்தபோது வண்டி போயிருந்தது.
'என்ன நடந்தது, என்ன நடந்தது' என்று
டொக்டர் கேட்டுக்கொண்டேயிருந்தா.
கிதுசனுக்குப் பேச்சு வரவில்லை.
வெறுங்கையைச் சரித்துக் காட்டினான்.

பேரின்பம் இருக்கிறான்.
மாதம் ஒருக்கால் திரைக்கு முன்னால் வந்து குந்தி
சிறுநீரக டொக்டருக்குத் தலையாட்டுகிறான்.
டிலக்சனாவுக்கு இரசாயனவியல் சாதாரண சித்திதான்.

கேள்வி பதினேழு: வெற்றிக் கதை ஒன்று,
நூற்றைம்பது சொற்களுக்குள், புகைப்படத்துடன்.
தட்டு காப்பாற்றியது என்று எழுதினால்
அந்தப் பதினோராவது நிமிடம் வந்து பேனையைப் பிடிக்கிறது.
குழாய் காப்பாற்றியது என்றால்
அது நீங்கள் தராதது.
நாலு தாள் கசக்கினேன்.

கதையை விட்டுவிட்டுப் பாதீட்டுக்குப் போனேன்.
கண்ணாடிச் சோதனைக் குழாய், இருபத்துநான்கு.
'தொடர்பு' என்ற கட்டத்தில்
பேரின்பம் என்று எழுதினேன்.
அது ஒரு ஆளின் பேர் என்று
விளங்குவார்களோ தெரியாது.