ஈரப்பதம்: இருபத்தெட்டு புள்ளி நான்கு

ஜுபைலில் ஆகஸ்ட்.
பார்சல் வாங்கக் கதவைத் திறந்ததுமே
மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது.

உறைபெட்டிக்குள்
துருவத்துக்குச் சற்றே தெற்கில்
ஏதோ ஓர் ஆற்றின் வெள்ளப்படுகை.
குழாய் பதிக்கப் போகிறார்களாம்.
ஆற்றின் பெயரை டான்டே
மூன்று விதமாய் எழுதிப் பார்த்து
மூன்றையும் அடித்தான்.

மணல்தான்.
வாசலில் குவிகிற மணல்போல்
காற்று உருட்டித் தேய்த்ததல்ல;
தண்ணீர் அவசரத்தில் போட்டுவிட்டுப் போனது.
விரற்கடை மணல், நூலளவு வண்டல்,
திரும்ப மணல்.
நூலுக்கு ஒரு வெள்ளம் என்று
பதினொன்று எண்ணினேன்.
பன்னிரண்டாவது
என் விரல் சூட்டில் இளகிச் சரிந்தது.

நடுவே தலைமயிர் போல ஒரு வேர்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கட்டைவிரல் நகத்தால் எடுத்து
காலண்டர் தாளில் ஒட்டிவைத்தேன்.

விதிப்படி நூற்றைந்து டிகிரி,
ஓர் இரவு முழுக்க அடுப்பில்.
காலையில் நிறுத்தேன்.
குறைந்த கிராமெல்லாம் ஆறு.
இருபத்தெட்டு புள்ளி நான்கு,
கையெழுத்து, முத்திரை.

வெளியேற்றும் விசிறி வழியாகத்தான்
போயிருக்க வேண்டும்.

மதியம் பஸ்ஸுக்கு நிற்கையில்
கண்ணாடி மறுபடி மங்கியது.
கைக்குட்டையை எடுத்தேன்;
பஸ் வரும்வரை
துடைக்கவில்லை.