ஒன்றரைக் கிலோ

டொங்காட்டில் கரும்புச் சாம்பல் இறங்கும் மாதம்.
மருந்துக்கடைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
ஷட்டரை இழுக்குமுன்
இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.
உரிமத்தில் என் பெயர் ஏறி ஏழு வாரம்.
துப்பாக்கியில் இன்னும் குணாளன்தான்.

பிடியில் அவர் கை.
சமையல் மேசையில் உட்கார்ந்து
சால்டரிங் கம்பியால் புள்ளி புள்ளியாகச் சுட்டது.
இரண்டு நாள் வீடு முழுக்க எரிந்த டயர் வாசம்.
"வியர்த்தாலும் வழுக்காது, பார்."
வழுக்கவில்லை.
என் உள்ளங்கையைத்தான்
தேங்காயாக நினைத்துத் துருவுகிறது.

விசையை லேசாக்க ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரேண்ட்.
பச்சையாய் மினுங்கும் முன்குறிக்கு ஆயிரத்து இருநூறு.
இன்னொன்று எண்ணூறு,
எதற்கென்று ரசீதில் படிக்க முடியவில்லை.
தெஷ்னியின் பள்ளிக் கட்டண ரசீதுகளோடு சேர்த்து
ஒரே ரப்பர் பேண்டில் வைத்திருந்தார்.
எது முந்தியது என்று தேதி பார்த்தேன்.
பார்த்திருக்க வேண்டாம்.

மூன்று வருடம் மெருகேற்றினார்.
கடைக்குள் எவனும் வரவில்லை.
வந்தது ஒரு வியாழக்கிழமை,
வெருலம் மீன்கடை வரிசையில்,
இடது தோளில் வலியாக.
அப்போதும் இது அவர் இடுப்பில்தான் இருந்தது,
எண்ணெய் போட்டு, எல்லாம் சரியாக.

பைன்டவுன் பட்டறையில் ஃபூரி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்:
"அருமையான வேலை, மேடம். செய்தது நான்."
விற்றால் இந்த வேலைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.
"ஒரு சென்ட்கூடக் கிடைக்காது."
மூச்சு விடாமல் அடுத்ததைத் தொடங்கினார்:
மேல்பாகத்தைக் குடைந்து
சிவப்புப் புள்ளிக் கருவி வைக்கலாம்,
ஐம்பத்துநாலு வயதுக் கண்ணுக்கு நல்லது,
நாலாயிரத்து எண்ணூறு மட்டும்.

விசையில் கொக்கியை மாட்டி இழுத்துக் காட்டினார்.
ஒன்றரைக் கிலோ.
வாங்கும்போது இரண்டரை.

நான் மருந்து நிறுப்பவள்.
ஒரு மில்லிகிராமுக்காக
டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியவள்.
காணாமல் போன அந்த ஒரு கிலோவைப் பற்றி
எனக்கு ஒரு விடிகாலை தெரியும்.
மின்சாரம் இல்லை. கூரைத் தகரத்தில் காலடி.
விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும் என்று
பயிற்சியில் நூறு முறை சொன்னார்கள்.
நூற்றோராவது முறை
நடைக்கூடத்தில் நின்ற என் விரல் உள்ளே இருந்தது.
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
ரொட்டிப் பாக்கெட்டோடு ஒரு குரங்கு
என்னைப் பார்த்தது.
நானும் பார்த்தேன்.
என்ன சொல்ல,
அன்று என் விரல் சோம்பேறியாக இருந்தது.

பழைய ஸ்பிரிங் எங்கே என்று ஃபூரி கேட்கவில்லை.
நானே எடுத்து வைத்தேன்.
சின்னப் பிளாஸ்டிக் பை,
மேலே குணாளனின் கோணல் எழுத்து:
"ஒரிஜினல். எறியாதே."

பத்து நிமிட வேலை. முந்நூற்றைம்பது.
முன்குறி அப்படியே இருக்கட்டும் என்றேன்.
ஏழு மணிக்குப் பின்வாசல் இருட்டில்
அது ஒன்றுதான் எனக்கு நிஜமாகவே உதவுகிறது.
இதை அவரிடம் சொல்லியிருந்தால்
ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருப்பார்.
சிவப்புப் புள்ளி வேண்டாம்.
அந்தப் பணத்துக்குப் பதின்மூன்று பெட்டித் தோட்டா.
ஃபூரிக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது.
கணக்கு அவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாள் எடுத்து
பிடியைத் தேய்க்க உட்கார்ந்தேன்.
என் கட்டைவிரல் பதியும் அகலத்துக்கு மட்டும்.
கருப்புத் தூள் மேசைத்துணியில் விழுந்தது.
மீதியைத் தொடவில்லை.
பாசம் என்று எழுதிவிடாதீர்கள்.
கை வலித்தது.

சனிக்கிழமை சுடுதளம்.
விசை கனக்கிறது, விரல் பிடுங்குகிறது.
முதல் ஐந்தும் தாழ்ந்து இடப்பக்கம்,
அட்டை மனிதனின் கால்சட்டைப் பையில்.
பக்கத்துப் பாதைப் பையன்
சிரிப்பை அடக்கிக்கொண்டு காதுமூடியைச் சரிசெய்தான்.

பெட்டியில் இன்னும் நாற்பத்தைந்து.