அல்ல

பிரேத அறைக்குப் பின்னால்,
ஜெனரேட்டருக்கும் மதிலுக்கும் நடுவே
என் இரவு வேலை:
வார்டுகள் கைகழுவி விட்டதை
வாங்கிக்கொள்வது.

முதல் மேன்ஹோலைத் திறந்தாலே இடம் சொல்வேன்.
செம்மஞ்சள் சாயல் என்றால் நெஞ்சுநோய்ப் பிரிவு.
நுரை பொங்கினால் சலவைக்கூடம்.
பிரசவ வார்டுக்குத் தனி நிறமில்லை,
நேரமுமில்லை.

தொட்டியில் காற்றுக் குமிழியிட
கண்ணுக்குத் தெரியாத கூட்டமொன்று
அத்தனையையும் தின்கிறது.
என்னவோ ஆடுமாடு வளர்ப்பதுபோல் பேசாதே என்பாள் பஸ்லினா,
ஆய்வுகூடத்தில் அவற்றை எண்ணுகிறவள்.
ஆனால் மாசியில் யாரோ
ஒரு பீப்பாய் கிருமிநாசினியை மொத்தமாய்க் கவிழ்த்த இரவு,
கபிலநிறச் சேறு சாம்பலாகி மிதந்தபோது,
மைக்ரோஸ்கோப்பை விட்டு எழும்பி
அவள்தான் சொன்னாள்:
"எல்லாம் மௌத்தாப் போச்சு."

விமலசேன களனிப் பக்கம் போய்
வேறோர் ஆலையின் சேற்றைக் கொண்டுவந்தார்,
தயிருக்கு உறை இரவல் வாங்கியதுபோல்.
அது பிடிக்கப் பதினெட்டு நாள்.
அதுவரை கழிவெல்லாம் பவுசரில் போயிற்று,
வவுச்சரில் கையெழுத்து என்னுடையது.

இப்போது மணலும் கரியும் குளோரினும் தாண்டி வருவது
கண்ணாடிக் குவளையில் மழைபோல் நிற்கிறது.
மாடித் தொட்டிக்கு ஏறி
கக்கூஸ்களுக்கு இறங்குகிறது.
மிச்சம் வாசல் குறோட்டன்களுக்கு.

திறப்பு விழாவன்று டை கட்டிய ஒருவர்
குவளையை என்னிடம் நீட்டினார்.
ஒரேயொரு மிடறு, படத்துக்கு.
"குடிக்கிறதுக்கு இல்ல சேர்.
குடிக்கிற தண்ணிய மிச்சம் பிடிக்கிறதுக்கு."
படம் எடுக்கவில்லை.

பலகை வந்தது மறுவாரம், மும்மொழியில்.
சிங்களம் சரி. ஆங்கிலம் சரி.
தமிழில்: இந்நீர் குடிக்க உகந்தது.
கடிதம் கொடுத்தேன்.
அடுத்த கேள்விமனுவில் பார்ப்போம் என்றார்கள்.

வியாழக்கிழமை, குறோட்டன் குழாயடியில் ஒரு பையன்,
பன்னிரண்டாம் வார்டில் தாயை வைத்திருப்பவன்,
எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான்
போத்தல் மூடியைத் திருகியபடி.
ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு எங்கோ போயிற்று.
போத்தலைப் பறித்தேன். அழுதான்.
என்னைக் கள்ளன் என்று நினைத்திருப்பான்.

அன்றிரவு விமலசேன ஏணியைப் பிடித்தார்.
"பெரிய சொல்லா?" என்று கேட்டார்.
மூன்றெழுத்து.
கம்பிவேலிக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்.
கடைசி எழுத்து கொஞ்சம் வழிந்தது.
துடைக்கவில்லை.