இன்றைக்கு என்ன நிறம்

திட்ட அறிக்கையை நான்தான் எழுதினேன்:
'திருமணிமுத்தாற்றின் நினைவுகள். ஐம்பதடிச் சுவரோவியம்.
பல்கலைக்கழகமும் உள்ளூர்க் கலைஞர்களும் இணைந்து.'
மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் விரிவுரையாளனுக்கு
இப்படியான வாக்கியங்கள் சுலபமாக வரும்.

பியூலா மேடம் மாணவர்களோடு வந்து
குகைப் பாலத்தடியில் சாக்பீஸால் மீன்கள் வரைந்தார்.
ஒரு தாமரை. வாய் திறந்த சிப்பி, உள்ளே முத்து.
லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் அர்த்தநாரி
ஏணியைத் தோளிலிருந்து இறக்காமலே
கீழே எட்டிப் பார்த்தார்.
'மீனு எங்க இருக்குதுங்க மேடம்?'

ஆறு கத்தரிப்பூ நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

'நேத்து மஞ்சள்' என்றார் டீக்கடை நூர்ஜஹான்,
ஆற்றுகிற கையை நிறுத்தாமல்.
'முந்தாநேத்து பச்சை.
போன வெள்ளிக்கெழம ரத்தம்னு நெனச்சு
என் பையன் அழுதுட்டான்.'

மேடம் துப்பட்டா நுனியை நனைத்து
முதலில் முத்தை அழித்தார்.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறரைக்கு
நூர்ஜஹானுக்கு நான் போன் செய்வேன்:
இன்றைக்கு என்ன நிறம்?
அவர் சொன்ன நிறங்கள் எதற்கும்
எங்கள் பாடத்திட்டத்தில் பெயர் இல்லை.
பழைய ரசம். மாதுளைத் தோல்.
பள்ளிக்கூடத்துப் பேனா மை.
'ஒண்ணுமில்ல போ, சாக்கடைக் கலர்தான்.'
அர்த்தநாரி ஆயில் டப்பாவில் கலக்கி
கட்டைவிரல் நகத்தில் தொட்டுக் காயவைத்து
ஆற்றுக்கு நேராகக் கையை நீட்டிப் பார்ப்பார்,
லிஃப்ட் கேட்கிறவர் மாதிரி.
நாளைக்கு ஒரு பட்டை. ஒன்றேகாலடி அகலம்.
ஓரம் பிசிறக் கூடாது, அது அவர் கட்டளை:
'ஓடுற வண்டியில இருந்து பார்த்தாலும் தெரியணும்.'

பன்னிரண்டாம் நாள் ஏற்காட்டில் இரவெல்லாம் மழை.
காலையில் வெறும் செம்மண் தண்ணீர்.
ஆறு சொந்த நிறத்தில் வந்திருக்கிறதென்று
மேடம் எல்லோருக்கும் போண்டா வாங்கித் தந்தார்.

அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம்:
'ஓவியத்தில் உருவங்கள் எவையும் காணப்படவில்லை.
விளக்கம் தேவை.'
மேடம் இரண்டே சொல்லில் பதில் எழுதினார்:
'ஆற்றிலும் இல்லை.'

இருபத்திரண்டாம் நாள் இருட்டிய பிறகு
ஒருவர் வந்து சுவர் முன்னால் நின்றார்.
முழங்கை வரை நீலம். நகத்தடியில் வேறேதோ.
விரல் விட்டு எண்ணிக்கொண்டே போய்
ஒரு பட்டையில் நின்றார்.
'பதினாலாவது தப்பு.'
பிரஷ் கழுவிக்கொண்டிருந்த அர்த்தநாரி நிமிர்ந்தார்.
'அது நாங்க விட்டது. இத்தன செவப்பு வராது.
ரெண்டு சொட்டு பச்சை போடு.'

'எந்தப் பட்டறை?' என்று கேட்டாள் ஒரு மாணவி,
நோட்டைத் திறந்துகொண்டு.
அர்த்தநாரி அவளைப் பார்த்தார்.
பிறகு டப்பாவைத் திறந்து
பிரஷை அவரிடம் நீட்டினார்.

தெருவிளக்கு மஞ்சள் எதையும் சரியாகக் காட்டாது,
செல்போன் வெளிச்சம் பிடித்தோம் நான்கு பேர்.
பதினாலைத் திருத்தினார். பதினேழைத் திருத்தினார்.
பத்தொன்பதில் தலையசைத்தார்,
'எங்களுது இல்ல', தாண்டி நடந்தார்.
செம்மண் பட்டையை மட்டும்
உள்ளங்கையால் ஒருதரம் தடவினார்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்
கலைஞர்கள் பெயருக்கு ஐந்து கட்டங்கள்.
'என் பேரு வேண்டாம்' என்றிருந்தார் அவர்.
'நாளைக்கு வேலைக்குப் போவணும்.'
பெயரை நாங்களும் கேட்டிருக்கவில்லை.
ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
'முழுமையற்றது' என்று திரும்பி வந்தது.
கோடு போட்டு மறுபடி அனுப்பினேன்.

திட்டம் முடிந்து பதினோரு நாள் ஆகிறது.
சுவரில் இனி இடமில்லை.
இன்று ஆறரைக்குக் கை தானாகப் போனை எடுத்தது.
'உனக்கு வேற வேலையே இல்லையா?'
நூர்ஜஹான் கத்தினார். பின்னால் பால் பொங்கும் சத்தம்.
வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

'இரு. பார்த்துட்டு வர்றேன்.'